அழுவதற்கு ஒரு கடற்கரை

ஊரில் எல்லோரும் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போவார்கள். நான் அழப் போனேன். அதுவும் ஆள் அரவமே இல்லாத கடற்கரையாகப் பார்த்து அழ வேண்டும் என்று ஆரணியிலிருந்து பஸ் ஏறினேன். கேட்பவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் வாழ்க்கைப்பட்டது பட்டுத்தறி வீடு. கூடம் முழுக்கத் தறி. அதைச் சுற்றிக்கொண்டுதான் சமையல்கட்டுக்குப் போக வேண்டும். கார்த்திகையில் எனக்குக் குழந்தை பிறந்தது. பிறந்தது என்று சொல்வதே தப்பு. மாதம் நிரம்பிய பிள்ளைக்கு வயிற்றிலேயே மூச்சு நின்றுவிட்டது. பெற்றவள் முகம் பார்த்தால் மறக்க மாட்டாள் என்று என் கண்ணில் காட்டாமலே துணியில் சுற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். கொண்டுபோய்ப் புதைத்தவர் என் வீட்டுக்காரர். ஆணா பெண்ணா என்று யாரைக் கேட்டாலும், "அது இன்னாத்துக்கு இப்போ, ஒடம்பப் பாரு" என்றுதான் பதில் வந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வாசற்படி தாண்டியதும் எனக்குத் தொண்டை வெடித்துக்கொண்டு அழுகை வந்தது. மாமியார் அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்தார்.

"அடக்கிக்கோம்மா. தறியில முகூர்த்தப் பொடவ ஓடிகினு இருக்குது. தாலி கட்டிக்கப் போற பொண்ணு பொடவ. அது முன்னாடி ஒப்பாரி வெக்கலாமா? அந்தப் பொண்ணு நல்லா இருக்க வேணாமா?"

அவரைக் கொடுமைக்காரி என்று சொல்ல மாட்டேன். அந்த வீட்டுக் கட்டுப்பாடு அது. தறியில் கல்யாணப் புடவை இருக்கும்வரை குரலெடுத்து அழக் கூடாது. சரி, புடவை இறங்கட்டும், அப்புறம் அழுதுகொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பட்டு நெய்கிற வீட்டில் கல்யாணப் புடவை இல்லாத நாள் எது? ஒன்றை அறுத்து இறக்கினால் தறியில் நீளவாக்கில் ஓடும் அதே பாவு நூலில் அடுத்தது ஆரம்பம். பாவு தீரும் தறுவாயில் புதுப் பாவைக் கொண்டுவந்து இழை இழையாகப் பிணைத்துவிடுவார்கள். தை பிறக்கப் போகிறது என்று வியாபாரி வேறு அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். முகம் தெரியாத எவள் எவளுக்கோ கல்யாணம், நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மா வீட்டுக்குப் போகலாம் என்றால் அதுவும் இரண்டு தெரு தள்ளி இருந்த தறி வீடுதான். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழப் பார்த்தேன். தண்ணீர் வீணாகிறது என்று கதவைத் தட்டினார்கள். ஊர்ப் பக்கத்துத் திருமலைக் குன்றுக்குப் போய் உட்காரலாம் என்றால் அங்கேயும் தெரிந்த முகம் ஒன்று "சௌக்கியமா?" என்று வந்து நிற்கும். மார்பில் பால் கட்டிக்கொண்டு நெருப்பாக வலித்தது. சோறு இறங்கவில்லை. மாசக் கணக்கில் இப்படியே போனால் புத்தி பிசகிவிடும் என்று நிஜமாகவே பயந்தேன்.

ஒரு நாள் மாமியார் கடைக்குப் போன நேரம் பார்த்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எங்கனா யாருமே இல்லாத எடத்துக்கு என்னக் கூட்டிகினு போங்க. ஒரே ஒரு வாட்டி வாய்விட்டு அழுதுட்டு வந்துடறேன். இல்லன்னா நான் செத்துடுவேங்க."

அவர் தறியை மிதிப்பதை நிறுத்தவில்லை. மிதித்தபடியே, "கடலுக்குப் போவலாம். அல சத்தத்துல யாருக்கும் கேக்காது" என்றார்.

எங்கள் ஆட்களுக்கு லீவு என்றால் அமாவாசைதான். அன்றைக்குத் தறியில் உட்கார மாட்டோம். டாக்டரம்மா காற்றாட வெளியில் போய் வரச் சொன்னதாக வீட்டில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, வந்த அமாவாசையில் முதல் பஸ் பிடித்தோம். செய்யாறு, காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று மாறி மாறி மகாபலிபுரத்தில் இறங்கினால், தேர்த் திருவிழா மாதிரி கூட்டம். அன்று தை அமாவாசை. அமாவாசை என்றால் தறி நிற்கிற நாள் என்பதற்கு மேல் எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவே இல்லை. எங்கள் பக்கத்தில் திதி கொடுப்பவர்கள் ஆற்றங்கரையோடு முடித்துக்கொள்வார்கள். ஊர் உலகமே அன்றைக்குக் கடலுக்கு வரும் என்று யார் கண்டது?

மணல் முழுக்க வாழையிலையும் எள்ளும் பிண்டமும். ஒரு பெண்மணி செத்துப்போன அம்மாவைச் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். நாலு பேர் அவள் முதுகைத் தடவினார்கள். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. ஐயர் ஒருவர் எங்களையும் கூப்பிட்டு, "யாருக்குத் தர்ப்பணம்? பேர் சொல்லுங்கோ" என்றார். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். பேர் வைத்திருந்தால் அல்லவா சொல்ல?

கடற்கரைக் கோயிலுக்குப் பின்பக்கம் போனோம். அங்கே சுண்டல், குதிரைச் சவாரி, கைகோத்த ஜோடிகள். ஆட்டோக்காரர் ஒருவரிடம், யாரும் இல்லாத கடற்கரை எங்கே இருக்கிறது என்று கேட்டோம். அவர் என் முகத்தையும் இவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேணாம் சார். வூட்டுக்குப் போங்க. எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம். அப்பறம் போலீசு கேசுன்னு எனக்குப் பேஜாரு."

சாக வரவில்லை, அழத்தான் வந்தோம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? தெற்கே போகிற டவுன் பஸ்ஸில் ஏறி, சவுக்குத் தோப்பு தெரிந்த இடத்தில் குத்துமதிப்பாக இறங்கினோம். முதலில் போன இடத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டினால் முள்கம்பி வேலி, உள்ளே வராதே என்று காவல்காரர் விரட்டினார். வெயிலில் கால் பொரிந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று நான்தான் சொன்னேன். அவர் கேட்கவில்லை, முன்னால் நடந்துகொண்டே இருந்தார்.

கடைசியில் ஒரு இடம் கிடைத்தது. ஈ காக்கை இல்லை. மணலில் காலடிகூட இல்லை. அவர் தோப்போரமாக நின்றுகொண்டு, "போ, நான் இங்கியே கீறேன்" என்றார்.

அலை காலைத் தொடுகிற இடத்தில் நின்று வாயைத் திறந்தேன். வறட்டு இருமல்தான் வந்தது. மறுபடி முயன்றேன். மார்பில் அடித்துக்கொண்டேன். எதையெல்லாமோ நினைத்துப் பார்த்தேன். நினைத்துக்கொள்ள ஒரு முகம்கூட என்னிடம் இல்லை. அடக்கி அடக்கியே அழுகை செத்துப்போய்விட்டது, இனி என்றைக்கும் வராது என்று தோன்றியது. வாழ்க்கையில் அந்த நிமிஷம் போல் நான் எப்போதும் பயந்ததில்லை.

அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம். மாடு ஏதோ கத்துகிறது என்று நினைத்துத் திரும்பினேன். என் வீட்டுக்காரர் மணலில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார். ஓடிப்போய், "ஐயோ, அழாதீங்க, யாருக்கனா கேக்கப் போவுது" என்றேன். சொல்லிவிட்டு நாலாபக்கமும் பார்த்தேன். யாருக்குக் கேட்கும்?

"பொண்ணு" என்றார் அவர். "தல நெறைய முடி. வெரலு நீட்டு நீட்டா உன்னாட்டமே. குழியில வெச்சிட்டு மனசு கேக்காம திரும்ப எடுத்துப் பாத்தேன். மூடுனேன். வந்து அந்தப் பொடவைய முடிச்சிக் குடுத்தேன்."

அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. வயிற்றிலிருந்து வந்தது. இத்தனை நாளும் நான் ஒருத்திதான் அடக்கிக்கொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தேன். விடிந்தால் தறியில் உட்கார வேண்டும், ஊருக்குப் போக வேண்டுமென்றால் இப்போதே எழுந்து நடக்க வேண்டும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.