ஆவாரஞ்செடியில் புழு

வெளிநாட்டு கஸ்டமர்கள் வர ஒரு வாரமே இருந்தது. பட்டர்ஃப்ளை கார்டனில் ஆவாரஞ்செடிகளில் ஓர் இலை மிச்சமில்லை. எல்லாம் குச்சி. குச்சி முழுக்கப் பச்சைப் புழு.

தொண்ணூறுகளின் கடைசியில் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு நான் லேண்ட்ஸ்கேப் சூப்பர்வைசர். வளாகத்தின் பின்பக்கச் சரிவு வெறும் பாறை, அதன் மேல் ஒரு சாண் செம்மண். எத்தனை டேங்கர் தண்ணீர் விட்டாலும் மார்ச் வெயிலில் லான் கருகிவிடும். ஆவாரையும் விராலியும் காரைமுள்ளும் மட்டும் பாறை இடுக்கில் வேரை விட்டுக்கொண்டு ஜம்மென்று நிற்கும். நடுவில் கௌதாரி குஞ்சுகளோடு ஓடும். எனக்கு அந்தப் புதர்க்காட்டின் மேல் கொள்ளை ஆசை. "லான் வேணாம் சார், இதையே பட்டர்ஃப்ளை கார்டன் ஆக்கிடலாம்" என்று அட்மின் மேனேஜரிடம் அடித்துச் சொன்னவள் நான்தான். சொதப்பினால் வேலை போய்விடும் என்று அவரும் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

மேனேஜர் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். கோபம் வந்தால் கன்னடமும் சேர்ந்து வரும்.

"ஏன்ரீ இது! தோட்டமா, தொடப்பக்கட்டையா?"

புழுவைக் கண்டால் பம்பைத் தூக்குவது எங்கள் தொழிலில் ஊறிப்போன பழக்கம். மருந்தடிக்கும் முனியப்பா முதுகில் பம்போடு தயாராக நின்றார். "கலந்தாச்சு மேடம். அடிச்சுடவா?"

"அடிங்க" என்று வாயெடுத்த நேரம், ஒரு குச்சியின் அடியில் பச்சைக் கூடு ஒன்று தொங்குவதைப் பார்த்தேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சார், பட்டாம்பூச்சி கேட்டீங்களே, அதுதான் சார் இது. இன்னும் ரெடியாகல, அவ்ளோதான்."

"வியாழக்கிழமைக்குள்ள ரெடியாகுமா?"

"தெரியாது சார்."

"அப்போ உங்க வேலைக்கு நான் பொறுப்பில்லம்மா."

முனியப்பா மருந்தடிக்காமலே பம்பை ஷெட்டுக்குக் கொண்டுபோனார். அந்த வாரம் முழுக்கத் தினமும் காலையில் போய்க் குச்சிகளில் தொங்கும் கூடுகளை எண்ணினேன். புதன்கிழமை மாலை ஒரு கோடை மழை கொட்டித் தீர்த்தது.

மறுநாள் காலை விருந்தினர்களைச் சரிவுப் பக்கம் விடாமல் திருப்பிவிடத்தான் மேனேஜர் முன்னால் நடந்தார். அவர்கள் அசையவில்லை. குச்சிகளிலிருந்து வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிச் சரிவு முழுக்கப் பறந்தன. ஒன்று மேனேஜரின் டையில் வந்து உட்கார்ந்தது. மனிதர் மூச்சுக்கூட விடவில்லை. பிறகு, எல்லாம் எங்கள் ப்ளான்படிதான் என்று ஆங்கிலத்தில் அளந்துவிட்டார். எனக்கோ சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பம்பைத் தூக்கும் முன், புழு யார் வீட்டுப் பிள்ளை என்று பாருங்கள்.

மேனேஜரும் கற்றுக்கொண்டார். அடுத்த கோடையில் அவரே போன் செய்தார். குரலில் அத்தனை பதற்றம்.

"என்னம்மா, ஆவாரையில ஒரு புழுவைக்கூடக் காணோம்? ஏதாவது பண்ணுங்கம்மா!"