பதினான்காம் எண் பிளக் பாயிண்ட்

குன்வோர் லிஸ்லெரூட் ஹமார் நகரில் வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்கு 1991 செப்டம்பரில் சேர்ந்தாள். அன்றிலிருந்து ஐந்து கார்கள் வைத்திருந்தாள். நான்கு பெட்ரோல் கார்கள். ஐந்தாவது, 2018 அக்டோபர் எட்டாம் தேதி வாங்கிய மின்சாரக் கார். சின்னது, ஐந்து வயதானது, சாம்பல் நிறம். முந்தைய நான்கும் இருபத்தேழு ஆண்டுகளில் அவளிடம் மொத்தமாக வாங்கிக் கட்டிக்கொண்ட வசவைவிட இது ஆறு வாரத்தில் அதிகம் வாங்கியது.

நவம்பர் வரை ஒரு குறையும் இல்லை. அவள் குடியிருந்த குடியிருப்புச் சங்கத்தின் வாசலில் கார் நிறுத்த இருபத்துமூன்று இடங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு பிளக் பாயிண்ட். குளிர்காலத்தில் பெட்ரோல் கார்களின் எஞ்சினை விடியற்காலையில் சூடாக்குவதற்காக எண்பதுகளில் போட்டவை. குன்வோருடையது பதினான்காம் எண். சங்கத்தின் அனுமதிக் கடிதம் வாங்கித்தான் காரை அதில் செருகினாள். மாலையில் செருகினால் காலையில் நூறு சதவீதம்.

டிசம்பர் பிறந்ததும் எல்லாம் தலைகீழானது. திங்கட்கிழமை எண்பது சதவீதத்தோடு கிளம்புவாள். செவ்வாய் அறுபது. புதனன்று நாற்பதைத் தாண்டினால் அதிர்ஷ்டம். அவள் பட்டியலில் பதினோரு வீடுகள், மொத்தம் முப்பத்தாறு கிலோமீட்டர். அதற்கே நாற்பது சதவீதம் போய்விடும்.

"குளிர்தான், வேற என்ன?" என்றார்கள் எல்லோரும். அலுவலகத்தில் சொன்னார்கள். காரை விற்றவன் தொலைபேசியில் சொன்னான். பன்னிரண்டாம் எண் இடத்துக்காரன் ஸ்தெய்னார் தினமும் சொன்னான். அவன் பழைய டீசல் கார் சூடேறி, கண்ணாடியெல்லாம் துலங்கி நிற்கும். குன்வோர் இன்னும் பக்கக் கண்ணாடிப் பனியைச் சுரண்டிக்கொண்டிருப்பாள்.

"என்ன குன்வோர், ரொட்டி சுடுற மிஷின் இன்னிக்காவது வேலை செய்யுமா?"

"உன் வண்டிப் புகையில நான்தான் வெந்துக்கிட்டிருக்கேன். அது போதும், போ."

ஹீட்டர் போட்டால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் குறையும். அதனால் ஹீட்டர் போடுவதில்லை. கம்பளி உள்ளாடை இரண்டு அடுக்கு, மேலே வேலைக்கான தடித்த உடுப்பு, இருக்கையில் ஆட்டுத்தோல். அப்படியும் அவள் விடும் மூச்சு கண்ணாடியின் உட்புறத்தில் பனியாக ஒட்டும். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் நூலக அட்டையால் அதைச் சுரண்டுவாள். துகள் மடியில் விழும். வீட்டுக்குள் போய் நோயாளியைத் தொடுவதற்கு முன் இரண்டு நிமிடம் கையை வெந்நீரில் வைக்க வேண்டியிருந்தது. ஒரு வீட்டுக்கு அலுவலகம் ஒதுக்கியதே பதினைந்து நிமிடம்.

வேலை முடிந்தாலும் விடுதலை இல்லை. வணிக வளாகத்தின் பின்னால் இருந்த விரைவு மின்னேற்றிக்கு ஓடுவாள். அங்கே இருந்தவை இரண்டு. ஒன்று டிசம்பர் பதினோராம் தேதியிலிருந்து பழுது. மற்றதற்கு முன்னால் நான்கு கார்கள் நிற்கும். யாரும் யாரோடும் பேசுவதில்லை. ஆளுக்கொரு காரில் உட்கார்ந்து, காலையில் கட்டி எடுத்துவந்த ரொட்டித் துண்டின் மிச்சத்தைக் கடித்துக்கொண்டு, முன்னால் நிற்பவன் பின்தலையை வெறித்துக்கொண்டிருப்பார்கள். குளிரில் உறைந்த பேட்டரி விரைவு மின்சாரத்தையும் சொட்டுச் சொட்டாகத்தான் குடித்தது. மதியத்து அலுவலக வேலையையும் முடித்து மூன்றரைக்குக் கிளம்பியவள் ஆறு மணிக்கு வீடு சேர்ந்தாள்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். பொறுக்க முடியாதது ஜனவரி பத்தாம் தேதி, வியாழக்கிழமை நடந்தது.

பட்டியலில் ஆறாவது வீடு யால்மார் பின்ஸ்டாட்டுடையது. வயது எண்பத்தெட்டு, தனியாள், நீரிழிவுக்காரர். நகரின் மேல் விளிம்பில், மேட்டின் உச்சியில் வீடு. போக வர அது மட்டுமே பதினேழு கிலோமீட்டர். ஒன்பது மணிக்குள் ஊசி போட்டு, அவர் சாப்பிடுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். தனியாக விட்டால் சாப்பிட மாட்டார். அன்று மைனஸ் இருபத்தொன்று. வீட்டுக்கு அறுநூறு மீட்டர் இருக்கும்போது காரின் திரையில் பேட்டரி தீரப்போவதைக் காட்டும் ஆமைப் படம் தோன்றியது. கார் நடைவேகத்துக்கு வந்து, அப்புறம் அதுவும் இல்லாமல் நின்றது. குன்வோர் பையைத் தூக்கிக்கொண்டு முழங்கால் பனியில் ஏறினாள். கதவைத் திறந்தபோது மணி ஒன்பது நாற்பது.

யால்மார் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நடந்தா வந்தே, பொண்ணே?"

"கார் மக்கர் பண்ணிடுச்சு. சட்டையைத் தூக்குங்க."

"குதிரைகூட இந்த மேட்டுல நிக்காது."

"குதிரையைக் கொண்டுவாங்க, அதுலயே வர்றேன். பேசாம சாப்பிடுங்க."

பக்கத்துப் பண்ணைக்காரன் டிராக்டரில் காரை இழுத்துவந்தான். யால்மாரின் கொட்டகையில் மூன்று மணி நேரம் செருகி வைத்த பிறகுதான் கீழே இறங்க முடிந்தது. மீதி ஐந்து வீடுகளையும் மற்றவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

அன்று மாலை, அலுவலகத்தில் யாருக்கு எந்த வீடு என்று பட்டியல் போடும் மெரெத்தே அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள்.

"உன்மேல கோவமில்ல குன்வோர். அந்தக் கார்மேலதான்."

"கார் என்னோடது. அப்போ என்மேலதான்."

"யால்மாருக்குக் குளிர் முடியுறவரைக்கும் பராமரிப்பு இல்லத்துல ஒரு படுக்கை கேக்கலாம்னு இருக்கேன். வேற யார் பட்டியல்லயும் பதினேழு கிலோமீட்டருக்கு இடமில்ல."

"குளிர் முடியுறவரைக்கும்னு அங்க போனவங்கள்ல யாராவது வீட்டுக்குத் திரும்பியிருக்காங்களா? ஒரு பேர் சொல்லு."

மெரெத்தே படுக்கை கேட்கும் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குப் படிவத்தை அனுப்பப்போவதாக மட்டும் சொன்னாள். அதற்குள் குன்வோர் ஒரு வழி காட்டினால் சரி.

என்ன வழி காட்டுவது? குளிரிடம் போய்க் கெஞ்சுவதா?

சொந்தக் காரில் வேலை பார்ப்பவர்கள் பயணக் குறிப்பேடு எழுத வேண்டும். தேதி, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், கிலோமீட்டர். இந்தக் கார் வந்த நாளிலிருந்து குன்வோர் ஓரத்தில் இன்னும் மூன்று எண்களை எழுதிவந்தாள். மாலையில் செருகியபோது எத்தனை சதவீதம், காலையில் எடுத்தபோது எத்தனை, வெளியே எத்தனை டிகிரி. காரை விற்றவனிடம் சண்டை போட ஆதாரம் வேண்டும் என்றுதான் ஆரம்பித்தாள். சனிக்கிழமை, ஜனவரி பன்னிரண்டு, மதியம், அந்த ஆதாரத்தைத் திரட்ட உட்கார்ந்தாள். எரிச்சலில் பென்சில் முனை இரண்டு முறை ஒடிந்தது.

ஜனவரி ஒன்பது இரவு மைனஸ் இருபத்தொன்று. ஏறியது இருபது சதவீதம். டிசம்பர் பதிமூன்று மைனஸ் ஒன்பது. இருபத்தொன்று. டிசம்பர் மூன்று. அன்று பனி உருகி வாசலெல்லாம் சேறு, வெளியே பிளஸ் ஒன்று. ஏறியது இருபத்தொன்று.

அவள் அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். குளிர்தான் மின்சாரத்தைத் தின்கிறது என்றால் குளிரில்லாத இரவில் ஏன் அதே அளவு தின்றது? பின்னால் புரட்டினாள். நவம்பர் இருபத்தேழு, மைனஸ் ஆறு. ஏறியது அறுபத்திரண்டு. டிசம்பர் ஒன்றாம் தேதிக்கு முன் அறுபது, அதற்குப் பின் இருபது. இது குளிரின் வேலை இல்லை. தேதி பார்த்து வேலை செய்யும் ஆள் ஒருவர்தான் அந்தக் குடியிருப்பில் இருந்தார்.

ஹமாரில் முன்கூட்டிச் சொல்லாமல் யாரும் யார் கதவையும் தட்டுவதில்லை. குறை இருந்தால் சங்கத்துக்குக் கடிதம் எழுதுவார்கள், அல்லது கார்க் கண்ணாடியில் சீட்டு ஒட்டுவார்கள். குன்வோர் அந்தக் குடியிருப்பில் பதினாறு ஆண்டுகளாக இருந்தும் பராமரிப்பாளர் ஆர்விட் சேத்ரெயின் கதவைத் தட்டியது அன்றுதான் முதல் முறை. சனிக்கிழமைதோறும் அந்த ஊரே பால் கஞ்சி சாப்பிடும் நேரம். டிவியில் பனிச்சறுக்குப் போட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஆர்விட் கரண்டியோடு வந்து கதவைத் திறந்தார்.

"ஏதாவது எரியுதா?"

"நான்தான் எரியுறேன். டிசம்பர் ஒண்ணாந்தேதி கம்பத்து பிளக்கையெல்லாம் என்ன பண்ணினீங்க, ஆர்விட்?"

"கடிகாரத்தைப் போட்டேன். வருஷா வருஷம் போடுறதுதான். மார்ச் முப்பத்தொண்ணாந்தேதி எடுப்பேன்."

"என்ன கடிகாரம்?"

அடித்தளத்தில் மின்பெட்டிக்குள் இருந்தது அது. உள்ளங்கை அகல வட்டம், நாளுக்கொரு சுற்றுச் சுற்றும். விளிம்பில் தொண்ணூற்றாறு சின்னப் பற்கள், பல் ஒன்றுக்குக் கால் மணி நேரம். உள்ளே தள்ளிய பற்களின் நேரத்தில் மட்டும் மின்சாரம் போகும். பத்துப் பற்கள் உள்ளே இருந்தன. காலை நாலு மணியிலிருந்து ஆறரை வரை.

"எஞ்சின் சூடாக ரெண்டரை மணி போதும்," என்றார் ஆர்விட், பிள்ளையைக் காட்டுவதுபோல. "எண்பத்தேழுலேர்ந்து ஒரு நிமிஷம் பிசகினதில்ல."

குன்வோர் ஆறே முக்காலுக்குத்தான் செருகியை எடுப்பாள். மாலையில் செருகியதும் பனிக்காக முன்கண்ணாடியைப் போர்வையால் மூடிவிடுவாள். மின்சாரம் ஏறுவதைக் காட்டும் நீல விளக்கோ கண்ணாடிக்கு உள்ளே. நாற்பத்திரண்டு நாட்களாக அது எரிகிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

"என் கார்ல எஞ்சினே இல்ல, ஆர்விட்! ராத்திரி பூரா மின்சாரம் வேணும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ கேக்கவே இல்லையே."

"கடிகாரம் இருக்குன்னு தெரிஞ்சாத்தானே கேக்குறது! பழைய வண்டியெல்லாம் காலையில சூடா இருந்துச்சு, எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

"நோட்டீஸ் ஒட்டியிருந்தேன்."

"எங்க?"

"தொண்ணூத்தி நாலுல," என்றார் ஆர்விட், கொஞ்சம் குரல் இறங்கி.

அவர் குறிப்பேட்டை வாங்கி மின்பெட்டி வெளிச்சத்தில் வரி வரியாகப் படித்தார். ரயில்வே பட்டறையில் முப்பத்தொரு ஆண்டு மின்வேலை பார்த்தவர். டிசம்பர் மூன்றாம் தேதி வரியில் கரண்டியை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, எல்லாப் பற்களையும் உள்ளே தள்ளினால் மற்ற இருபத்திரண்டு கார்களும் இரவெல்லாம் வேகும் என்றார். சங்கத்தின் நிர்வாகக் குழு கூடித்தான் முடிவெடுக்க வேண்டும் என்றார். அடுத்த கூட்டம் பிப்ரவரி ஐந்து.

"திங்கக்கிழமை பன்னெண்டு மணிக்கு ஒரு கிழவரை வீட்டைவிட்டு எடுக்கப் படிவம் போகுது. ரெண்டரை மணி நேரக் கடிகாரத்துக்காக. அதையும் குழுவுக்கு எழுதிப் போடட்டுமா?"

ஆர்விட் பெட்டிக்குள் விளக்கை அடித்துப் பார்த்தார்.

"பதினாலுக்கு மட்டும் தனிக் கம்பி இழுத்தா கடிகாரத்தைச் சுத்திக்கிட்டுப் போயிடலாம். சுவத்துல ஒரு துளை போடணும்."

"எப்போ?"

"நாளைக்கு முடியாது. ஞாயித்துக்கிழமை துளைபோடுற மிஷினை ஓட்டினா அத்தனை பேரும் என்னைக் கொன்னுடுவாங்க. இன்னிக்கும் ஆறு மணிக்குள்ள முடிக்கணும்." கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். "கஞ்சி போச்சு. குழுவுக்கு நானே எழுதிக்கிறேன். நீ அந்த விளக்கைப் பிடி. ஆட்டாம பிடி."

ஐந்து நாற்பதுக்கு முடித்தார். குன்வோர் வாசலுக்கு ஓடி, காரைச் செருகி, போர்வையை விலக்கிப் பார்த்தாள். நீல விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. இத்தனை நாள் நூலக அட்டையால் சுரண்டியதெல்லாம் நினைவுக்கு வந்து, டயரை ஓங்கி ஓர் உதை விட்டாள். கால்தான் வலித்தது.

திங்கட்கிழமை மைனஸ் பதினெட்டு. நூறு சதவீதம். ஹீட்டரை முழுக்கத் திருகிவிட்டுக் கிளம்பினாள். யால்மாரின் கதவைத் திறந்தபோது எட்டு ஐம்பது.

"என்ன பொண்ணே, மூஞ்செல்லாம் சிவந்திருக்கு? காய்ச்சலா?"

"ஹீட்டர் போட்டேன்."

"அப்போ நான் எங்கேயும் போக வேண்டாமா?"

அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஹால் நாற்காலியில் ஒரு பழைய பெட்டி மூடாமல் இருந்தது. உள்ளே இரண்டு கம்பளிச் சட்டை, சவரச் சாமான். குன்வோர் அதைப் பார்க்காததுபோல ஊசியை எடுத்தாள்.

"பெட்டியை எடுத்து உள்ள வைங்க. தடுக்கி விழுந்தா அதுக்கும் நான்தான் வரணும்."

காலைச் சுற்றின் பதினோரு வீடும் முடிந்து பதினொன்று நாற்பத்தைந்துக்கு மெரெத்தேயின் மேசைக்கு முன் நின்றாள். குறிப்பேட்டைத் திறந்து வைத்தாள். காரில் மீதம் நாற்பத்தெட்டு சதவீதம். மெரெத்தே படித்தாள், படிவத்தை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டாள்.

"அருமை! அப்போ நாளையிலேர்ந்து இன்னும் ரெண்டு வீடு சேர்த்துக்கலாம். யால்மார் பக்கம்தான், மேட்டுமேல. உன்கிட்ட சார்ஜ் இருக்கில்ல?"

குன்வோர் மேசையிலிருந்த பட்டியலைத் தன் பக்கம் திருப்பினாள்.

"மணி என்ன போட்டிருக்கே?"

"எட்டே முக்காலும், ஒம்போது மணியும்."

"ஒம்போது மணி முடியாது. அது யால்மாரோடது," என்றாள் குன்வோர். மெரெத்தேயின் பேனாவை எடுத்து அந்த ஒன்பதைத் தானே அடித்து, பக்கத்தில் ஒன்பதரை என்று எழுதினாள்.