நைனா வக்கீலுக்குக் கொடுத்த மரம்

சித்தூர் கோர்ட்டில் என் நைனாவுக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று விசாரித்த காலத்தில், எங்கள் ஊர் எந்த ராஜ்யம் என்பதே சரியாக முடிவாகவில்லை. ஆந்திரா தனியாகப் பிரிந்திருந்தது. நகரிக்கும் திருத்தணிக்கும் இடையில் கிடந்த நாங்கள் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று பெரிய மனிதர்கள் எங்கேயோ உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

கிணற்றுத் தண்ணீரில் பங்கு கேட்டு, திருப்பதி வக்கீல் ஒருவரை வைத்து, நைனா என் சித்தப்பா மேல் வழக்குப் போட்டிருந்தார். சித்தப்பா கெட்டிக்காரர். அண்ணனுக்கு மூளை குழம்பிவிட்டது, வக்கீல் வைக்கிற தெளிவு அவருக்கு இல்லை, வக்காலத்து செல்லாது என்று பதிலுக்கு மனுப் போட்டார். அதற்கு அத்தாட்சி, வழக்கு முடியும்வரை ஒரு மாமரத்துக் காய்ப்பு முழுவதையும் நைனா வக்கீலுக்கு ஃபீஸாக எழுதிக் கொடுத்தது. மனு ஜெயித்தால் நைனா ஊரறிந்த பைத்தியம். நிலம் சித்தப்பா கைக்குப் போகும். எனக்குப் பேசிவைத்திருந்த புத்தூர் மாப்பிள்ளையும் போய்விடுவார். பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. நைனாவோ கோர்ட்டு வாசலில் போண்டா தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டே கூண்டில் ஏறினார்.

ஜட்ஜ் கடற்கரை ஜில்லாக்காரர். புத்தியைச் சோதிக்க, "மீதி ஏ ராஷ்ட்ரம்?" என்று தெலுங்கில் சுலபமாகத்தான் ஆரம்பித்தார்.

"எந்த ராஜ்யம்னு நீங்கதான் சொல்லணும், அய்யா. காலைல பஸ் ஏறும்போது ஆந்திரா. சாயங்காலம் வூட்டுக்குப் போவும்போது இன்னாவா இருக்குமோ."

ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார். அடுத்தது ஃபீஸ். வழக்கு முடியும்வரை காய்ப்பு என்றால் வக்கீல் இழுத்துக்கொண்டே போக மாட்டாரா, இது நியாயமான கூலியா என்று கேட்டார்.

"அது நாக்கு கூசற புளிப்பு, அய்யா. இனிப்பு மரத்தக் குடுத்தா கேஸ முடிப்பாரா? புளிப்புன்னா சீக்கிரமா முடிச்சிட்டு ஓடுவாரு."

கோர்ட்டே சிரித்தது. எங்கள் வக்கீல் மட்டும் தலை நிமிராமல் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். சித்தப்பா வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அது பாகம் பிரிந்த பிறகு நைனா வைத்த மரம். புளிப்பில்லை என்று சொன்னால், வேலிக்கு இந்தப் பக்கத்துப் பழம் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்களே. மனு தள்ளுபடியானது.

திரும்பும்போது பஸ்ஸில் மெதுவாகக் கேட்டேன். "இன்னா நைனா, நம்ம தோட்டத்துலயே இனிப்பு அதானே?"

"நமக்காகப் பேசற மனுசனுக்குப் புளிப்பையா குடுப்பாங்க?" என்று என்னை முறைத்தார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சித்தப்பாவின் மனுவில் கொஞ்சம் உண்மை இருக்குமோ என்றுகூடத் தோன்றியது.

புத்தூர் மாப்பிள்ளை எனக்கே கிடைத்தார். எங்கள் ஊர் ஆந்திராதான் என்று எல்லையும் ஒருவழியாக முடிவானது. கிணற்று வழக்கு மட்டும் முடியவில்லை. வைகாசிதோறும் வக்கீல் வீட்டுக்கு மாம்பழக் கூடை போய்க்கொண்டே இருந்தது.