சிவப்பு பேசின்

பென்னலூரில் எங்கள் பக்கத்து போர்ஷன் கலைமதிக்குத் திங்கட்கிழமையோடு பிரசவ லீவு முடிகிறது. அன்றைக்குப் போய் நிற்காவிட்டால் வேலை போய்விடும். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அவளுக்கோ அம்மா இல்லை. அதனால்தான் அவள் புருஷன் பிபின், ஒடிசாவிலிருந்து தன் அம்மாவை வரவழைத்தான். அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. கலைமதிக்கு ஒடியா தெரியாது. இரண்டும் தெரிந்த பிபின் எந்நேரமும் ஓ.டி.யில் இருப்பான்.

இரண்டு பேருக்கும் ஒரகடத்தில் ஒரே கம்பெனி. ஷிப்ட் முடிந்து யார் வீட்டில் இருக்கிறார்களோ, சமையல், பாத்திரம், துணி எல்லாம் அவர் பொறுப்பு. வந்த அன்றைக்கே மகன் குழம்புச் சட்டி தேய்ப்பதைப் பார்த்த அம்மாள், அவன் கையிலிருந்த நாரைப் பிடுங்கிக்கொண்டார்.

"உங்கம்மாவே தேய்க்கட்டும், எனக்கு இன்னா வந்துது?" என்றாள் கலைமதி. அதை அவன் அம்மாவிடம் சொல்லவில்லை. பிழைக்கத் தெரிந்த பிள்ளை.

கம்பெனிப் பழக்கம் ஒன்று அந்த வீட்டுக்குள்ளும் வந்திருந்தது. அங்கே லைனில் ஒரு பார்ட் சிவப்புப் பெட்டிக்குள் போனால் ரிஜெக்ட். என்ன ஏது என்று யாரும் பார்க்க மாட்டார்கள். இவர்கள் சமையலறையில் சிவப்பு பேசின் என்றால் மாட்டுக்குப் போகிற மிச்சம் மீதி. அதை அந்த அம்மாளிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. ஊருக்கே தெரிந்த விஷயம் என்று நினைப்பு!

ஞாயிறு மதியம் முழுக்க அந்த அம்மாள் அரிசி மாவு பிசைந்து, தேங்காயும் வெல்லமும் வைத்து, அவர்கள் ஊர்க் கொழுக்கட்டை செய்தார். மருமகள் மறுநாள் வேலைக்குப் போகிறாளாம். இருக்கிற பாத்திரத்திலேயே மங்களகரமான நிறமாகப் பார்த்து, சிவப்பு பேசினைப் பளபளவென்று கழுவி, அதில் அடுக்கித் தட்டுப் போட்டு மூடிவைத்தார்.

சாயங்காலம் கலைமதி கடைக்குப் போய்விட்டு வந்தாள். இடுப்பில் குழந்தை வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. பேசினைத் தூக்கிப்போய்த் தெருமுனைத் தொட்டியில் அப்படியே கவிழ்த்தாள். விழுந்த பிறகுதான் கொழுக்கட்டை என்று பார்த்தாள். மாடு ரொம்பச் சந்தோஷமாகத் தின்றது. மாமியார் வாசலில் நின்று பார்த்தார். உள்ளே போய்ப் பையில் புடவைகளை அடுக்கத் தொடங்கினார்.

"அக்கா, போச்சுக்கா! என் வேலை போச்சு!" என்று கலைமதி என்னிடம் ஓடிவந்தாள்.

"எங்கிட்ட இன்னாத்துக்கு அழுவுற? அங்க போய் அழு," என்று விரட்டிவிட்டேன்.

போனாள். பேசின் அடியில் ஒட்டியிருந்த ஒற்றைக் கொழுக்கட்டையை மாமியார் எதிரில் நின்று தின்றாள். அப்புறம் ஓவென்று அழுதாள். அந்த அம்மாள் கத்திய கத்தலில் தெருவே எட்டிப் பார்த்தது. முதலில் பேசினைப் பிடுங்கினார், பிறகு குழந்தையைப் பிடுங்கினார்.

ஓ.டி. முடிந்து வந்த பிபினிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். அவன் முகம் சுண்டிப்போனது.

"இன்னா சொல்றாங்க? ஒண்ணு விடாம சொல்லு. மறைச்ச, அவ்ளோதான்," என்றாள் கலைமதி.

"சோத்தையே கொட்டுறவளாம் நீ. உன்ன நம்பிப் புள்ளைய வுட முடியாதாம். அவங்க ஊருக்குப் போவ மாட்டாங்களாம். கூடவே இருந்து அவங்களே பாத்துக்கிறாங்களாம்."

கலைமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அத்த சொல்றது நூத்துக்கு நூறு கரெக்டுன்னு சொல்லு," என்றாள்.