எழும்பாத பிள்ளை

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் எனக்கும் அவளுக்கும் ஒரே பெஞ்சு. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எட்டாம் ஆண்டில் அவள்தான் முதலாவது, நான் எப்போதும் இரண்டாவது. கணக்கைப் பார்த்த மாத்திரத்தில் போட்டுவிடுவாள். எனக்கு எரிச்சலாக வரும். பண்டாரவளையில் விடுதியோடு இருந்த ஒரு பெரிய பள்ளிக்கூடம் எங்களில் ஒரு பிள்ளையை எடுக்கப்போவதாகவும், தெரிவு செய்ய ஒரு கல்வி அதிகாரி வருவதாகவும் சொன்னார்கள். அந்த இடம் அவளுக்குத்தான் என்று எங்கள் லயத்து வீடுகள் முழுக்கப் பேச்சு. கொழுந்துக் கூடையை இறக்கும்போதெல்லாம் அவளுடைய அம்மாவும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் விடாத மழை. மாதாமாதம் எங்களுக்குப் பழைய சேலைத் துணிதான். துவைத்து, ஆம்பிளைகள் கண்ணில் படாமல் விறகு அடுக்குக்குப் பின்னால் காயப்போட வேண்டும். அந்த மழையில் அது எங்கே காயும்? அதிகாரி வரும் நாளன்று அவள் ஈரத்துணியோடுதான் வந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரே ஒரு கக்கூஸ், அதற்கும் பூட்டு. சாவி பெரிய வாத்தியாரான அதிபரின் மேசையில். அவரிடம் போய்ச் சாவி கேட்பதும் விஷயத்தைச் சொல்வதும் ஒன்றுதான். இருந்த ஒரே பெண் டீச்சரும் பிரசவ லீவில் போயிருந்தார்.

"புள்ள, கவுன்ல பட்டுருச்சு," என்று என் காதுக்குள் சொன்னாள். "நான் எந்திரிக்க மாட்டேன்."

அதிகாரி உள்ளே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர். வகுப்பே எழுந்து வணக்கம் சொன்னது. அவள் மட்டும் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"எழும்பும் பிள்ளை. ஏன் எழும்பாமல் இருக்கிறீர்?" என்றார் அதிகாரி. கரும்பலகைக்கு வந்து ஒரு கணக்கைச் செய்யச் சொன்னார். அதற்கும் அவள் அசையவில்லை.

"மரியாதை தெரியாத பிள்ளைக்குப் படிப்பு எதுக்கு?" என்று அதிபர் சத்தம் போட்டார். அதிகாரியின் பார்வை என் பக்கம் திரும்பியது. நான் போய்க் கணக்கைச் செய்தேன்.

கூச்சத்தால்தான் நான் வாயைத் திறக்கவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிவந்தேன். பாதி பொய். "அவளுக்கு உடம்பு சரியில்லை, சேர்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெண்கட்டியைக் கையில் எடுத்ததும் அந்த இடம் எனக்கே வேண்டும் என்று தோன்றிவிட்டது. வெட்கங்கெட்ட ஆசை.

பள்ளிக்கூடம் விட்டு எல்லாரும் போன பிறகுதான் அவள் எழுந்தாள். கொப்பித் தாளைக் கிழித்துப் பெஞ்சைத் துடைத்தாள்.

இடம் எனக்குக் கிடைத்தது. அவள் அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. கொஞ்ச நாளில் அம்மாவோடு கொழுந்தெடுக்கப் போய்விட்டாள்.

முதல் விடுமுறைக்கு நான் ஊருக்கு வந்தபோது, ரோட்டில் அவள் கூடையோடு எதிரே வந்தாள். என் காலில் புதுச் சப்பாத்து. திட்டப் போகிறாள் என்று ஓரமாக ஒதுங்கி நின்றேன். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தாள்.

"அன்னைக்கு ஏன் எந்திரிக்கலைன்னு யாருகிட்டயாவது சொன்னியா புள்ள?"

"இல்ல."

அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல வேளை. ஒன்னாலதான் என் மானம் தப்பிச்சிச்சு."