மாவுக்கட்டுப் போட்ட குழந்தைக்கு விமானத்தில் எந்த இருக்கை?

இந்தப் பதிவை நான்கு மாதம் தாமதமாக எழுதுகிறேன். போன வாரம் தோழியின் தோழி ஒருத்தி வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள். இடுப்பிலிருந்து கால் வரை கட்டுப் போட்ட குழந்தையை விமானத்தில் கூட்டிப்போக முடியுமா, போனால் எந்த சீட் போடுவது என்று. பதில் எழுத ஆரம்பித்தேன், அது நீண்டுகொண்டே போனது. சரி, இங்கேயே எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் தேடித் தவித்தபோது தமிழில் இப்படி ஒன்று கிடைத்திருந்தால் கொஞ்சமாவது தூங்கியிருப்பேன்.

முதலில் எங்கள் கதை. என் மகள் கயலுக்கு அப்போது இரண்டரை வயது. பிறந்ததிலிருந்தே இடது தொடை எலும்பு இடுப்புக் குழியில் சரியாகப் பொருந்தியிருக்கவில்லை. நடக்க ஆரம்பித்த பிறகு, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். என் கணவருக்குச் சென்னையில் வேலை. மருத்துவக் காப்பீடு அவர் அலுவலகம் வழியாக என்பதால் அறுவை சிகிச்சையும் சென்னையில்தான் நடந்தது. நெஞ்சுக்குக் கீழிருந்து இரண்டு கணுக்கால் வரை, கால்களை அகட்டி வைத்து மாவுக்கட்டு. அந்தக் கட்டோடு காளவாசலில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் காரில் வந்தோம். நிறுத்தி நிறுத்தி வந்ததில் ஒன்பதரை மணி நேரம் ஆனது. விழுப்புரம் தாண்டியதிலிருந்து அழுகை. வீட்டில் வந்து பார்த்தால் கட்டின் விளிம்பு உரசி முதுகில் தோல் உரிந்திருந்தது.

ஆறு வாரம் கழித்துக் கட்டை மாற்ற மறுபடியும் சென்னை போக வேண்டும். மயக்க மருந்து கொடுத்துச் செய்வது. காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு மருத்துவமனையில் இருக்க வேண்டும், தவறினால் அடுத்த தேதிக்குப் பத்து நாள் காத்திருக்க வேண்டும். இன்னொரு முறை கார் வேண்டாம் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் விமானம்.

இரண்டு வயது தாண்டிய குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள், தனி இருக்கை கட்டாயம். கயலைப் பாயில் கிடத்தி இன்ச் டேப்பால் அளந்தேன். ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்காலுக்கு இருபத்தாறு அங்குலம். விமான இருக்கையின் அகலம் பதினேழு, மிஞ்சினால் பதினெட்டு. அன்றைக்கு ராத்திரி தூக்கம் போனது.

என் மாமனார் எங்களோடு வருவதாகச் சொன்னார். திருமங்கலம் பக்கம் மானாவாரியில் பருத்தி போடுகிறவர். விமானத்தில் ஏறியதே இல்லை. டிக்கெட் தலைக்கு 4,150 ரூபாய். முன் வரிசைக்குத் தனியாக 600 ரூபாய் என்றதும், "புள்ளைக்கு மொத வரிசையில போடு ஆத்தா, அந்தக் காச நான் தாரேன்" என்றார். கால் நீட்ட இடம் இருக்கும் என்று நானும் சந்தோஷமாகப் போட்டேன். ஆனால் மாமா கேட்டது கால் நீட்டுவதற்காக மட்டும் இல்லை. பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுக்கும் பின்னால், தரையில் உட்கார வைக்கப்பட்டவர் அவர். எங்கள் வீட்டில் அதை யாரும் பேசுவதில்லை. ஆனால் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் நேராக முன் வரிசைக்குப் போய்த்தான் உட்காருவார்.

பயண நாள், பிற்பகல் 3.10 விமானம். பன்னிரண்டரைக்கே கிளம்பிவிட்டோம். காளவாசலிலிருந்து விமான நிலையம் பதின்மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் என் பயத்துக்கு அதுவே பெரிய தூரமாக இருந்தது. கார் வாடகை 450 ரூபாய். பின் இருக்கையில் கயலைத் தலையணை வைத்துச் சாய்த்துப் பிடித்திருந்தேன். டிரைவர் தம்பி ரொம்ப நல்ல மாதிரி. வேகத்தடை, பள்ளம், மூடாத குழி என்று எது வந்தாலும் முன்கூட்டியே, "அக்கா, புள்ளையப் பிடிச்சுக்கங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வில்லாபுரம் தாண்டும்வரை அவர் வாய் மூடவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த மாமா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, நல்ல ரோடு வந்தா மட்டும் சொல்லுப்பா. பேச்சு மிச்சம்" என்றார். அதன் பிறகு அவனியாபுரம் தாண்டித்தான் டிரைவர் வாய் திறந்தார். "இப்பச் சொல்லலாம்ணே."

விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்டு வைத்திருந்தோம். கயலின் கால் அகலத்துக்கு அதன் இரண்டு கைப்பிடிகளுக்கு நடுவில் அவளை இறக்கவே முடியவில்லை. மாமா இடுப்பில் தூக்கிக்கொண்டார். கால் அகண்டிருப்பதால் இடுப்பில் வைக்க வாகாகத்தான் இருக்கும், கனம்தான் கூட. கட்டோடு பதினான்கு கிலோ.

கவுண்டரில்தான் இடி விழுந்தது. அன்றைக்குப் பெரிய விமானத்துக்குப் பதிலாகச் சிறிய, விசிறி வைத்த விமானத்தை விட்டிருக்கிறார்கள். பக்கத்துக்கு இரண்டிரண்டு இருக்கைதான். விமானம் மாறியதும் கணினி தானாகவே எல்லோருக்கும் இடம் மாற்றிப் போட்டிருக்கிறது. கயல் நான்காவது வரிசை, நான் பன்னிரண்டு, மாமா ஒன்பது. இரண்டரை வயதுக் குழந்தை, கட்டோடு, தனியாக. கொண்டுபோன மருத்துவர் கடிதம், விமான நிறுவனத்துக்கு நான்கு நாள் முன்பே அனுப்பிய மருத்துவப் படிவம் எல்லாம் அவர்கள் திரையிலும் இருந்தன. இருக்கை மட்டும் அவற்றோடு சேர்ந்து வரவில்லை.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு என் தங்கை வயதுதான் இருக்கும். பதறாமல் உள்ளே போன் போட்டாள். நான் இன்ச் டேப்பை எடுத்து மேசையில் வைத்து, எனக்கும் குழந்தைக்கும் நடுவில் இருக்கும் கைப்பிடியை மேலே தூக்க முடிந்தால் ஒரு காலை என் மடிமேல் வைத்துக்கொள்வேன், அது ஒன்றைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். கேட்டாள். தூக்க முடியுமாம். பெரிய விமானத்தின் முதல் வரிசையில் தூக்க முடியாது, அங்கே சாப்பாட்டுத் தட்டைக் கைப்பிடிக்குள் மடக்கி வைத்திருப்பார்கள் என்றும் உள்ளேயிருந்து சொன்னார்களாம். அதாவது காசு கொடுத்து நான் தேடிப் பிடித்த இடத்தில் என் பிள்ளையை உட்கார வைக்கவே முடிந்திருக்காது.

பிறகு பின்னாலிருந்து இரண்டாவது வரிசையில் ஜன்னலோரம் கயலுக்கு, பக்கத்தில் எனக்கு, நடைபாதைக்கு அந்தப் பக்கம் மாமாவுக்கு என்று போட்டாள். பெல்ட் பூட்டினால்தான் ஏற்ற முடியும், அதை விமானத்துக்குள் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். எனக்கு அதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை. மாமாவின் காதில் "பின்னால்" என்கிற சொல் மட்டும் விழுந்துவிட்டது.

"மொத வரிசைன்னு காசு வாங்கிட்டு இப்பக் கடைசிக்குத் தள்ளுனா எப்படிம்மா?" என்றார். சத்தமே இல்லாமல் இன்னொன்றும் சொன்னார். "நாங்க பின்னாடி உக்காந்ததெல்லாம் போதும்மா."

அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. எழுந்து நின்றுதான் பதில் சொன்னாள். "அய்யா, இந்த ஃபிளைட்டுக்கு வாசலே பின்னாடிதான். எல்லாரும் அங்கதான் ஏறணும். முன் வரிசையில எமர்ஜென்சி கதவு இருக்கு. அங்க குழந்தைகள உக்கார வைக்க எங்களுக்கு அனுமதி இல்ல."

மாமா கயலை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.

பாதுகாப்புச் சோதனையில் ஒரு பெண் காவலர் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய்க் கட்டின் மேல் ஒரு துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கருவியில் வைத்துப் பார்த்தார். பத்து நிமிடம் ஆனது, வலிக்காமல் செய்தார். பிறகு பாலூட்டும் அறையில் டயபர் மாற்றினேன். ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று அறியக் கால் விரல் நுனிகளை அழுத்தி, நிறம் திரும்பி வருகிறதா என்று பார்த்தேன். மூன்று தடவை பார்த்தேன். மாமா நான்கு நாற்காலி தள்ளி உட்கார்ந்து, கண்ணாடிக்கு வெளியே வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்களைத்தான் முதலில் ஏற்றினார்கள். வால் பக்கம் இருக்கும் வாசலுக்கு நாலைந்து படிகள்தான். மாமா கயலோடு பக்கவாட்டில் திரும்பி உள்ளே நுழைந்தார். நுழைந்த கையோடு எங்கள் வரிசை. அவர் உட்காராமல் முன்னால் நீண்டு கிடந்த நடைபாதையைப் பார்த்தார். ஒரு ஆள் நேராக நடந்தாலே தோள் இடிக்கும் அகலம். பிறகு கயலின் கால்களைப் பார்த்தார்.

"இதுக்குள்ள இவளை எப்படி ஆத்தா அம்புட்டுத் தூரம் கொண்டு போயிருப்போம்?"

கைப்பிடி மேலே போனது. தலையணையைக் கீழே கொடுத்து, கயலைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பி உட்கார வைத்தோம். வலது கால் என் மடியில். இடது முழங்கால் ஜன்னல் சுவரைத் தொட்டும் தொடாமலும் நின்றது. பெல்ட் எட்டவில்லை. பணிப்பெண் நீட்டிப்பு பெல்ட் ஒன்றைக் கொண்டுவந்தாள். அது க்ளிக் என்று பூட்டிய சத்தத்தில்தான் நான் மூச்சு விட்டேன். விமானியிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்து, "ஓகே மேடம், போகலாம்" என்றாள்.

அதன் பிறகு மற்றவர்களை ஏறவிட்டார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆறு வாரமும் கயலின் படுக்கை எங்கள் ஹாலில் வாசலைப் பார்த்தபடி இருந்தது. அவளைப் பார்க்க வந்த ஒவ்வொருவரையும் மாமாதான் வாய் நிறைய "வாங்க" என்று கேட்டு, உட்காரச் சொல்லி, காபி போடச் சொல்வார். அவள் அதைக் கவனித்துக்கொண்டே கிடந்திருக்கிறாள்.

லேப்டாப் பையோடு முதல் ஆள் உள்ளே குனிந்தார். கயல் கணீரென்று, "வாங்க" என்றாள். அவர் ஒரு கணம் திகைத்து, "வந்துட்டேன்மா" என்றார். அடுத்தவருக்கும் வாங்க. அதற்கடுத்தவருக்கும். வாசலிலேயே உட்கார்ந்திருந்ததால் ஒருவரும் தப்பவில்லை. கல்லூரிப் பையன்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒரு வயதான அம்மா, "வாரேன்டி ராசாத்தி" என்று கட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாதி விமானம் நிறைந்தபோது கயல் நடைபாதைக்கு அந்தப் பக்கம் திரும்பி, "தாத்தா, காபி" என்று உத்தரவு போட்டாள். பணிப்பெண்ணுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என் வேலைய நீயே பாத்துக்கிறியா?"

மாமா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் அவரிடம், "என் பேத்திதான்" என்றார்.

ஒரு மணி இருபது நிமிடத்தில் சென்னை. அழவே இல்லை, பாதி வழி தூங்கினாள். இறங்கும்போது கடைசியாக இறங்கச் சொன்னார்கள். அதனால் எல்லோரையும் போயிட்டு வாங்க என்று அனுப்பியும் வைத்தாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு மருத்துவமனையில் இருந்தோம். முதுகில் ஒரு கீறல் இல்லை.

இனி, போகப்போகிறவர்களுக்கு. பிள்ளையின் கட்டை அதன் அகலமான இடத்தில் அளந்து, அந்த அளவை மருத்துவர் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். விமான நிறுவனத்தின் மருத்துவப் படிவம் வேறு, மருத்துவர் கடிதம் வேறு. இரண்டையும் குறைந்தது இரண்டு நாள் முன்பாக அனுப்பி, போன் செய்து, வந்து சேர்ந்ததா என்று கேளுங்கள். முதல் வரிசையைப் பார்த்து என்னைப் போல மயங்க வேண்டாம், நடுவில் இருக்கும் கைப்பிடி மேலே போகுமா என்பதுதான் கேள்வி. அவசரக் கதவு வரிசை கிடைக்காது. எழுந்து வழிவிட முடியாதவர்களுக்கு ஜன்னலோரம்தான் நல்லது, யாரும் தாண்டிப் போக வேண்டியதில்லை. பதிவு செய்த இருக்கை எண்ணை மட்டும் நம்பி இருக்காதீர்கள். முதல் நாள் மாலையும் கிளம்பும் முன்பும், விமானம் மாறியிருக்கிறதா, வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டுவிடுங்கள். டயபரை ஏறுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள், சிறிய விமானத்தின் கழிவறையில் இந்தக் கட்டோடு திரும்பக்கூட முடியாது. கெட்டியான தலையணை ஒன்று கட்டாயம். முன் வரிசைக்குக் கொடுத்த பணத்தைக் கேட்டால் திருப்பித் தருகிறார்கள், எங்களுக்கு எட்டாம் நாள் வந்தது.

கயலுக்குப் போன மாதம் கட்டு முழுவதுமாகப் பிரித்தாயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இன்னும் நடக்கவில்லை. நான் தினமும் அவள் இடுப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், அது என் சுபாவம்.

கட்டு மாற்றி ஐந்தாம் நாள் ஊருக்குத் திரும்பினோம். அந்த டிக்கெட்டைப் போட என் கணவர் உட்கார்ந்தபோது, திரும்பும்போது பெரிய விமானம் வருகிறது, அப்பாவுக்காக முன்னால் பார்க்கவா என்று என்னிடம் மெல்லக் கேட்டார். கட்டிலில் கயலுக்கு விசிறிக்கொண்டிருந்த மாமாவுக்கு அது கேட்டுவிட்டது.

"அந்தச் சின்ன பிளேனு எப்பன்னு பாத்துப் போடுப்பா. வாசப்பக்கத்துலேயே போடு" என்றார். "வாரவுகள வாங்கன்னு கேக்க ஆளு வேணும்ல."