ஐந்துக்கு நாலு

வண்டிச் சக்கரத்தின் குடத்தில் மாட்டுகிற இரும்புப் பூண் அது. எங்கள் பெரியப்பா வீட்டுப் பின்கட்டில், களிப்பானைக்கு மேலே ஆணியில் தொங்கும். நடவுக்கு வரும் பெண்களுக்கு மத்தியானச் சாப்பாடு ஆளுக்கு ஒரு கேப்பைக்களி உருண்டை. ஈரக் கிண்ணத்தில் போட்டு உருட்டிய களியை அந்த வளையத்தின்மேல் வைப்பார்கள். உள்ளே விழுந்தால் சிறிசு, இன்னும் களி சேர்க்க வேண்டும். விழாமல் நின்றால் சரியான உருண்டை. வளையம் குறுக்கே ஐந்து அங்குலம். தாத்தா காலத்து ஏற்பாடு. முல்லையாற்றுத் தண்ணீரில் எங்களுக்கு நெல் நட்டுக் கொடுத்தவர்கள் கேப்பைக்களிதான் தின்றார்கள் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் உறைத்ததில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பர்மா அரிசி வருவது நின்றுபோய், கம்பம் முதல் தேனி வரைக்கும் சனங்கள் தானியத்துக்கு அல்லாடிய வருஷம் பெரியப்பா அந்தப் பூணைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினார். குறுக்கே நாலு அங்குலம். "ஊரே அரை வயித்தோட கெடக்கு. ஒரு அங்குலம் கொறஞ்சா குடி முழுகிப் போயிறாது" என்றார். எங்கள் குதிர்களில் கேப்பை கழுத்துவரை கிடந்தது. எனக்கு எண்பது தாண்டிவிட்டது. இன்றைக்கும் அந்தக் குதிர்களை நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன்.

அப்போதுதான் நான் உத்தமபாளையத்தில் பள்ளி இறுதி வகுப்புத் தேறி, சட்டை கசங்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கோளத்தின் கன அளவு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. உருண்டை ஒரு அங்குலம் சிறுத்தால் அகலம் மட்டுமா சிறுக்கும்? நீளமும் சிறுக்கும், உயரமும் சிறுக்கும். ஐயைந்து இருபத்தைந்து, அதை இன்னொரு ஐந்தால் பெருக்கினால் நூற்றிருபத்தைந்து. நாநாலு பதினாறு, அதை நாலால் பெருக்கினால் அறுபத்துநாலு. சூத்திரத்தில் மற்றதெல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றேதான், அடித்துவிடலாம். ஆகக் களி கிட்டத்தட்டப் பாதி. புது வளையத்தைப் பார்த்த மாத்திரத்தில் இதை மனக்கணக்காகப் போட்டுவிட்டேன். போட்டதில் பெருமை வேறு பட்டுக்கொண்டேன், மடையன்.

நடவுப் பெண்களுக்கு முன்னத்தி ஆளாக ஓர் அக்கா இருந்தார். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். தன் உருண்டையை மூன்றாகப் பிய்ப்பார். இரண்டைத் தூக்குச்சட்டியில் போட்டு வைத்துவிட்டு ஒன்றைத் தின்பார். வளையம் மாறிய மூன்றாம் நாள், சேற்றுக் காலோடு வாசலில் வந்து நின்றார்.

"அய்யா, களி பாதியாக் கொறஞ்சு போச்சு. பிள்ளைகளுக்குப் பிச்சு வச்சா எனக்கு விரலை நக்கத்தான் இருக்கு. வெறும் வயித்தோட எப்படிக் குனிஞ்சு நட?"

பெரியப்பா சிரித்தார். "பாதியா? கைநாட்டு கணக்குச் சொல்ல வந்துருச்சு!" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஏலே, நீ சொல்லு. அஞ்சு அங்குலம் நாலு அங்குலமாச்சு. அஞ்சுல ஒரு பங்குதான கொறஞ்சிருக்கு?"

அந்த அக்காவின் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. "சின்னையா படிச்சவுக. அவுக சொல்லட்டும், கேட்டுக்கிறேன்" என்றார்.

நான் சொன்னேன்: "ஆமா. அஞ்சுல ஒண்ணுதான்."

பெரியப்பா தயவில்தான் நான் மதுரைக் கல்லூரிக்குப் போக வேண்டியிருந்தது. தின்ற சோற்றுக்கு விசுவாசம் என்று அன்றைக்கு என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். யார் நட்ட சோறு அது? அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. படித்த பிள்ளை சொன்னதற்கு மேல் பேச்சில்லை என்று பெண்கள் மறுபடி வயலில் இறங்கினார்கள். ஒரு வாரத்தில் அந்த அக்கா நாற்று முடியோடு சேற்றில் மயங்கி விழுந்தார். "நடிக்கிறா" என்றார் பெரியப்பா. அடுத்த நாளே அந்த அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, கம்பமெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விட்டார். போகிற இடத்தில் மலைக்காய்ச்சல் ஆளைத் தின்னும் என்று தெரிந்தேதான் போனார். பெரியப்பாவோ கோயில் திருவிழாவில் ஊருக்கே அன்னதானம் போட்டு, தர்மவான் என்று பேர் வாங்கிச் செத்தார். அந்தப் பேரை இன்றும் யாராவது சொன்னால் எழுந்து போய்விடுவேன்.

கல்லூரியில் இரண்டாம் வருஷ விடுமுறையில், மனசு கேட்காமல் மலை ஏறினேன். ஏலக்காய் உலர்த்தும் கொட்டகையில் பெண்களோடு உட்கார்ந்து அந்த அக்கா காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். வீட்டில் அவரை நீ, வா, போ என்றுதான் எல்லோரும் பேசுவோம். அன்றைக்கு எனக்கு நீங்க என்றுதான் வாய் வந்தது. நூற்றிருபத்தைந்தையும் அறுபத்துநாலையும் விளக்கி, "நீங்க சொன்னதுதான் சரி. பாதிதான். எனக்கு அப்பவே தெரியும்" என்றேன். சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நம்பியிருந்தேன்.

அவர் கை நின்றது.

"பாதின்னு எனக்குத் தெரியாதா தம்பி? தின்ன வயிறுல்ல" என்றார். "ஒனக்குத்தான் தெரியாதுன்னு நெனச்சிருந்தேன். சின்னப்பிள்ள, தெரியாமச் சொல்லிருச்சுன்னு இவுககிட்ட எல்லாம் சொல்லி வச்சிருக்கேன்."